எரிபொருள் தீர்வதை மூவரும் அறிந்திருந்தார்கள்: குழுவும் தலைமையும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1978 டிசம்பர் 28 மாலை. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 173ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. டிசி-8 ரக விமானம். பயணிகளும் பணியாளர்களுமாக 189 பேர் உள்ளே இருந்தார்கள். தரையிறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியபோது ‘தொம்’மென்று ஓர் ஓசை எழுந்தது. விமானம் வலப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தது. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று சொல்ல வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை.

தலைமை விமானி பதறவில்லை. இறங்கும் முயற்சியை நிறுத்தி, விமான நிலையத்துக்கு அருகிலேயே வட்டமிடத் தொடங்கினார். கோளாறு என்னவென்று பார்த்து, பயணிகளை அவசரத் தரையிறக்கத்துக்குத் தயார் செய்துவிட்டு இறங்கலாம் என்பது அவர் எண்ணம். அதில் தவறு சொல்ல எதுவுமில்லை. இறக்கைகளின் மேலுள்ள அடையாளக் குறிகளோ சக்கரங்கள் இறங்கிவிட்டதாகவே காட்டின. சக்கரத்தை இயக்கும் உருளையின் தண்டு துருப்பிடித்து உடைந்ததால் சக்கரம் சட்டென்று விழுந்திருக்கிறது. அந்த வேகத்தில் விளக்குக்கான சிறு சுவிட்ச் சேதமடைந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்த செய்தி.

சுமார் ஒரு மணி நேரம் வட்டமிட்டார்கள். மாலை 6:15 மணியளவில் நான்கு என்ஜின்களும் ஓய்ந்த நிலையில், விமான நிலையத்துக்கு 6 கடல் மைல் தொலைவில், மரங்களடர்ந்த குடியிருப்புப் பகுதியில் விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை, பிடிப்பதற்கு எரிபொருள் மிச்சமில்லை.

இந்த விபத்தை ஒரு பணிக்குழுவின் கதையாகவே நான் படிக்கிறேன். குழு ஒன்று திறமையாகச் செயல்பட என்ன வேண்டும் என்று பேசும்போதெல்லாம் நல்ல ஆட்கள், நல்ல பயிற்சி, நல்ல கருவிகள் என்றே பட்டியல் நீளும். அந்த அறையில் இவை அத்தனையும் இருந்தன. தலைமை விமானிக்கு 27,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறப்பு அனுபவம். துணை விமானியும் விமானப் பொறியாளரும் தொழில் தெரிந்தவர்கள். எரிபொருள் அளவைக் காட்டும் மானி கண்ணெதிரே வேலை செய்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் மூன்று பேர் சேர்ந்து, ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டே, விமானத்தை எரிபொருளின்றி நிற்கவிட்டார்கள்.

அந்த அரை மணி நேரம்

விமானி அறை ஒலிப்பதிவில் உள்ள பேச்சை நிமிட வாரியாகப் பார்க்க வேண்டும். விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

5:46. துணை விமானி, பொறியாளரைக் கேட்கிறார்: எவ்வளவு எரிபொருள் இருக்கிறது? ஐயாயிரம் பவுண்டு என்கிறார் பொறியாளர். இரண்டு நிமிடம் கழித்து அதே கேள்வி தலைமை விமானியிடம் போகிறது. “ஐந்து” என்கிறார் அவர். “ஐந்து” என்று துணை விமானி திருப்பிச் சொல்கிறார். அந்த விமானம் அப்போது நிமிடத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் எரித்துக்கொண்டிருந்தது. ஐயாயிரம் என்பது இருபத்து மூன்று, இருபத்து நான்கு நிமிடம். அந்தக் கணக்கை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

5:50. இன்னும் பதினைந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, இறங்கும்போது விமானத்தின் எடை என்னவாக இருக்கும் என்று கணக்கிடச் சொல்கிறார் தலைமை விமானி. “பதினைந்து நிமிடமா?” என்று கேட்கிறார் துணை விமானி. பொறியாளர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: போதாது, பதினைந்து நிமிடம் என்றால் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும். அன்றைய மாலையில் சொல்லப்பட்டவற்றில் இதுதான் மிகத் தெளிவான எச்சரிக்கை. அதற்கு நேரான பதில் இல்லை. பேச்சு எடைக் கணக்குக்கும் தரையிலுள்ள அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய விவரங்களுக்கும் போய்விடுகிறது.

5:56. துணை விமானி மறுபடி கேட்கிறார். நாலாயிரம், தொட்டிக்கு ஆயிரம் என்ற பதில் வருகிறது. அதன் பிறகு தலைமை விமானி, பயணிகள் எந்த அளவுக்குத் தயார் என்று பார்த்துவரப் பொறியாளரைப் பின்னால் அனுப்புகிறார். எரிபொருளைக் கண்காணிக்க வேண்டிய ஒரே ஆள் அறையை விட்டு வெளியே போகிறார்.

6:02. திரும்பி வந்த பொறியாளர் சொல்கிறார்: எரிபொருள் மூவாயிரம் இருக்கிறது, அவ்வளவுதான். தலைமை விமானியின் பதில்: “சரி.” அந்தச் சொல்லோடு, தரையைத் தொடும்போது சக்கரம் மடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்ற பேச்சு தொடர்கிறது.

6:06. ஒரு என்ஜின் போகப்போகிறது என்கிறார் துணை விமானி. “ஏன்?” என்று கேட்கிறார் தலைமை விமானி. “எரிபொருள்.”

அந்த “ஏன்?” என்னை விட்டுப் போவதில்லை. பதினெட்டு நிமிடத்துக்கு முன் “ஐந்து” என்று தன் வாயாலேயே சொன்னவர் கேட்கும் கேள்வி அது. எண் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதன் பொருள் ஒரு முறைகூட மனதில் ஏறவில்லை.

இவரைக் கொடுங்கோலர் என்று நினைத்தால் இந்த நிகழ்விலிருந்து கற்க எதுவும் மிஞ்சாது. ஒலிப்பதிவில் அவர் யாரையும் அதட்டவில்லை, வாயை மூடு என்று சொல்லவில்லை. விமானப் பணிப்பெண்களுக்குப் போதிய அவகாசம் தர வேண்டும், பயணிகள் பதறாமல் இருக்க வேண்டும் என்றுதான் மீண்டும் மீண்டும் கவலைப்பட்டார். தன் ஆட்கள் மீது அக்கறையுள்ள, நிதானமான, அனுபவசாலியான தலைவர். அப்படிப்பட்டவரின் கவனமும் ஒரு விளக்கின் மேல் குத்திட்டு நின்றுவிட்டது. மற்ற இருவரின் கவனம் அங்கிருந்து எரிபொருளுக்கு நகர்ந்தபோது, அவருடையதையும் கூடவே நகர்த்திச் செல்ல அந்த அறையில் ஒரு வழி இருக்கவில்லை.

மற்ற இருவரும் பேசத்தான் செய்தார்கள், ஆனால் பட்டும் படாமலும். ஒருவர் கேள்வியாகக் கேட்டார், மற்றவர் எண்ணாகச் சொன்னார். “இப்போதே இறங்கியாக வேண்டும்” என்ற வாக்கியம் கடைசிவரை வரவில்லை. மேலிருப்பவருக்குத் தெரியாமலா இருக்கும் என்ற மரியாதை அதைத் தடுத்திருக்கும். எண்ணைச் சொன்னால் போதும், முடிவு அவருடையது என்ற பழக்கமும் தடுத்திருக்கும். பொறியாளர் அந்த விபத்தில் உயிரிழந்தார். சரியான எண்ணைச் சரியான நேரத்தில் சொன்னவர் அவர்.

இதே போன்ற ஒரு மாலை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது. 1972 டிசம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401ஆம் எண் விமானம் மயாமி அருகே எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். அங்கேயும் சக்கரத்துக்கான விளக்குதான் எரியவில்லை, பல்பு எரிந்துபோயிருந்தது. விமானி அறையிலிருந்த அனைவரும் அந்த பல்பில் மூழ்கியிருந்தபோது, உயரத்தைக் காக்கும் தானியங்கிக் கருவி விடுபட்டு விமானம் மெல்லக் கீழே இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. “நாங்கள் பல்பைப் பார்க்கிறோம், நீ விமானத்தைப் பார்” என்று யாராவது ஒருவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு தலைமையினுடையது.

பரிந்துரையின் இரண்டு பாதிகள்

173 விபத்து குறித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை 1979 ஜூனில் வந்தது. எரிபொருள் நிலையையும் அது பற்றிச் சக பணியாளர்கள் சொன்னதையும் தலைமை விமானி உரிய முறையில் கவனிக்கவில்லை என்பது முதன்மைக் காரணம். மற்ற இருவரும் ஆபத்தின் அளவை முழுதாக உணரவில்லை அல்லது தங்கள் கவலையை அவருக்கு உறைக்கும்படி சொல்லவில்லை என்பது துணைக் காரணம். அதையொட்டி வந்த பரிந்துரை, இயந்திரத்தைத் தொடவேயில்லை. விமானிகளின் பயிற்சியில் இரண்டு விஷயங்கள் சேர வேண்டும் என்றது: தலைமை விமானிகளுக்கு, மற்றவர்களையும் பங்கேற்க வைக்கும் மேலாண்மை, மற்ற பணியாளர்களுக்கு, தயங்காமல் அழுத்திச் சொல்லும் பயிற்சி.

இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்றைய அலுவலகங்களில் பெரும்பாலும் இரண்டாம் பாதி மட்டுமே பழக்கத்துக்கு வந்திருக்கிறது. “யாரும் எதையும் பேசலாம்”, “என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும்” என்கிறார்கள். பேசும் பாரத்தைக் கீழே இருப்பவர் தோளில் ஏற்றிவிட்டு, கேட்கும் வேலையை மேலே இருப்பவருடைய நல்ல மனதுக்கு விட்டுவிடுகிறார்கள். வாரியம் தலைவரின் பயிற்சியை முதலில் எழுதியது தற்செயலாகவும் இருக்கலாம். என் பார்வையில் வரிசை சரிதான். பேசப்பட்டது முடிவாக மாறுவதற்கு உள்ள ஒரே பாதை தலைவரின் வழியாகப் போகிறது. அது அடைபட்டிருந்தால் எவ்வளவு தைரியமாகப் பேசினாலும் பேச்சு பேச்சாகவே நின்றுவிடும்.

1979இலேயே நாசா விமான நிறுவனங்களையும் ஆய்வாளர்களையும் கூட்டி, விமானி அறையில் உள்ள மனித வளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பட்டறை நடத்தியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகள் அனைவருக்கும் அதற்கான பயிற்சியைத் தொடங்கியது. சி.ஆர்.எம். (பணிக்குழு வள மேலாண்மை) என்ற சுருக்கப் பெயரில் இன்று உலகெங்கும் நடக்கும் பயிற்சியின் தொடக்கம் இதுதான். தொடக்கத்தில் சில மூத்த விமானிகள் இதை நயமாகப் பழகக் கற்றுத்தரும் வகுப்பு என்று இளக்காரம் செய்தார்கள். விமானம் ஓட்டத் தெரிந்தவனுக்கு உரையாடக் கற்றுத்தருவதா என்ற கோபம் அதில் இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தனித் திறமையால் உயர்ந்த எவருக்கும், தன் திறமை போதாது என்று சொல்லப்படும் இடம் வலிக்கத்தான் செய்யும்.

நாற்பத்து நான்கு நிமிடங்கள்

அதே நிறுவனம், பதினோரு ஆண்டுகள் கழித்து. 1989 ஜூலை 19 பிற்பகல், யுனைடெட் 232ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் 37,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. மூன்று என்ஜின்கள் கொண்ட டிசி-10. மாலை 3:16க்கு வால் பகுதியிலிருந்த என்ஜினின் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியது. பறந்த துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளின் (திரவ அழுத்தத்தால் இயங்குபவை) குழாய்களையும் அறுத்துவிட்டன. விமானத்தைத் திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் உதவும் அத்தனை பரப்புகளும் செயலிழந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்று மூன்று அமைப்புகளை வைத்திருந்தார்கள்; மூன்றும் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் கையேடு எழுதி வைக்கவில்லை.

தலைமை விமானி ஆல் ஹேன்ஸ். துணை விமானி விமானத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றபோது அது வலப்பக்கம் சாய்ந்து கவிழும் நிலையில் இருந்தது. ஹேன்ஸ் இடது என்ஜினைக் குறைத்து, வலது என்ஜினைக் கூட்டினார். விமானம் மெல்ல நிமிர்ந்தது. அதன் பிறகு அவர்களிடம் எஞ்சியிருந்தது அந்த இரண்டு என்ஜின்களின் விசை மட்டுமே.

பயணிகளுக்கிடையே நிறுவனத்தின் பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச் இருக்கிறார் என்று பணிப்பெண் மூலம் தெரிந்ததும், ஹேன்ஸ் அவரை உள்ளே வரச் சொன்னார். வந்தவர், என்ன வேண்டும் சொல்லுங்கள், உதவுகிறேன் என்றார். ஹேன்ஸ் விசைக் கைப்பிடிகளைக் காட்டினார். முகப்பை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு வேண்டும், அதை எப்படிப் பெறுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே 232இன் ஒலிப்பதிவை ஒவ்வொரு குழுத் தலைவரும் படிக்க வேண்டும் என்பேன். சுமார் 30,000 மணி நேரம் பறந்தவர், சாவு கண்ணெதிரே நிற்கும்போது, அப்போதுதான் அறைக்குள் வந்த ஒருவரிடம் “தெரியவில்லை” என்கிறார். தனக்கு என்ன தேவை என்பதை அவர் துல்லியமாகச் சொல்கிறார். வழி தெரியவில்லை என்பதை அதே துல்லியத்தோடு சொல்கிறார். அதைக் கேட்ட மற்ற மூவருக்கும் தங்கள் மூளை தேவைப்படுகிறது என்பது புரிந்துவிடுகிறது.

ஃபிட்ச் இரண்டு விமானிகளுக்கு நடுவே மண்டியிட்டு, இரு கைகளிலும் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்து, இடது வலது என்ஜின்களின் விசையை மாற்றி மாற்றி விமானத்தை ஓட்டினார். ஹேன்ஸும் துணை விமானியும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தோடும் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடும் மல்லுக்கட்டினார்கள். பொறியாளர் தரையிலிருந்த பராமரிப்புப் பிரிவோடு பேசினார். அவர்களோ மூன்று ஹைட்ராலிக்கும் போயிற்று என்பதை நம்பவே நேரம் எடுத்துக்கொண்டார்கள். உதவ அவர்களிடமும் எதுவுமில்லை.

தரை நெருங்கும்போது நடந்த ஒரு சின்ன விஷயம். மண்டியிட்டிருந்த ஃபிட்ச் அந்த நிலையிலேயே தரையைத் தொட முடியாது. பொறியாளர் தானாகவே, என் இருக்கையில் உட்காருகிறீர்களா என்று கேட்கிறார். உங்களுக்குப் பரவாயில்லையா என்கிறார் ஃபிட்ச். பரவாயில்லை, அந்தக் கைப்பிடிகளில் என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரிகிறது என்கிறார் பொறியாளர். எழுந்து உபரி இருக்கைக்குப் போகிறார். விமானி அறையில் இருக்கை என்பது பதவி. அதை யாரும் உத்தரவிடாமல், வேலை யாருக்கு நன்றாக வருகிறதோ அவருக்கு ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். தலைவர் “தெரியவில்லை” என்று சொன்ன அறையில் மற்றவர்களும் தங்கள் மதிப்பைக் காக்கப் போராட வேண்டியதில்லை.

மாலை 4 மணிக்கு, ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டியில், வழக்கமான வேகத்தைவிட மிக அதிகமான வேகத்தில் விமானம் ஓடுபாதையைத் தொட்டு, உடைந்து, தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். விமானி அறையிலிருந்த நால்வரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பிறகு இதே நிலையைப் பயிற்சிக் கருவியில் உருவாக்கி, விமானிகளை முயலச் சொன்னார்கள். பத்திரமாகத் தரையிறக்கும் முறையைக் கற்பித்துவிட முடியாது என்ற முடிவுக்கே வர வேண்டியிருந்தது. விமானக் குழுவின் செயல் நியாயமான எதிர்பார்ப்புகளை வெகுவாக விஞ்சியது என்று வாரியம் எழுதியது.

பின்னாளில் ஹேன்ஸ் உரைகளில் இதை வெளிப்படையாகச் சொன்னார்: 1980 வரை தலைமை விமானி சொன்னதே இறுதி என்றுதான் வேலை செய்தோம், அதனால் சில விமானங்களை இழந்தோம். அந்த அறையில் நால்வருக்கும் சேர்த்து 103 ஆண்டு அனுபவம் இருந்தது. இப்படி ஒரு விமானத்தை இறக்க அதில் ஒரு நிமிடப் பயிற்சிகூடக் கிடையாது. அப்படியிருக்க மற்ற மூவரைவிட எனக்கு மட்டும் எப்படி அதிகம் தெரியும் என்று கேட்டார்.

ஒப்பீடு நியாயமானதா?

முழுதாக அல்ல. வாசகர் இந்த இடத்தில் என்னை மறித்துக் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். வால் என்ஜின் வெடித்தால் ஆபத்து என்று யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் கவனமும் ஒரே புள்ளியில் தானாகவே குவிந்துவிடும். 173இல் ஆபத்து ஓசையில்லாமல், நிமிடத்துக்கு 200 பவுண்டு என்ற கணக்கில் வந்தது. 232க்கு அதிர்ஷ்டமும் துணை நின்றது: பகல் வெளிச்சம், நல்ல வானிலை, பணி மாறும் நேரமாதலால் மருத்துவமனைகளில் இரட்டை எண்ணிக்கையில் ஊழியர்கள், பயிற்சிக்காக விமான நிலையத்திலேயே கூடியிருந்த தேசியக் காவல் படையினர். உயிர்கள் பிழைத்ததற்கான காரணங்களைச் சொல்லும்போது ஹேன்ஸும் அதிர்ஷ்டத்தைத்தான் முதலில் வைத்தார்.

இந்த வேறுபாடுதான் சாதாரணப் பணியிடங்களுக்கு முக்கியமானது. நமது அலுவலகங்களில் வெடித்துச் சிதறும் நெருக்கடிகள் குறைவு. அப்படி ஒன்று வந்தால் பெரும்பாலான குழுக்கள் தாமாகவே தோளோடு தோள் நின்றுவிடுகின்றன. குழுக்களைக் கவிழ்ப்பது 173 வகை ஆபத்து. கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது “கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்” என்று ஒரு இளைஞர் சொல்வார். “சரி, பார்த்துக்கொள்ளலாம்” என்பார் தலைவர். அடுத்த வாரம் அதே இளைஞர் அதையே கொஞ்சம் மெல்லிய குரலில் சொல்வார். அதற்கடுத்த வாரம் சொல்ல மாட்டார். கெடு தவறிய நாளில் தலைவர் கேட்பது அதே “ஏன்?”தான். முன்பே சொல்லியிருக்கலாமே என்பார். சொல்லப்பட்டுத்தான் இருந்தது.

தலைமையின் வேலை எப்போது தொடங்குகிறது?

நெருக்கடி வருவதற்கு வெகு முன்னால். விமானக் குழுக்கள் இதை ஆராய வசதியான களம்; பல நேரங்களில் அவர்கள் ஒருவரையொருவர் முதல்முறையாகச் சந்திப்பதே பறப்புக்குச் சற்று முன்னால்தான். 1978க்கும் 1990க்கும் இடையில் பணியாளர் தவறுகளால் நேர்ந்த 37 விபத்துகளைப் பாதுகாப்பு வாரியம் அலசி, 1994இல் ஆய்வு வெளியிட்டது. குழு எத்தனை நாள் சேர்ந்து பறந்தது என்ற தகவல் கிடைத்த விபத்துகளில் 73 விழுக்காடு, அந்தக் குழு சேர்ந்த முதல் நாளிலேயே நடந்தவை. ஆட்களை அடிக்கடி மாற்றிப் போட்டால் குழு சுறுசுறுப்பாக இருக்கும் என்று நம்பும் மேலாளர்கள் இந்த எண்ணை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம்.

ராபர்ட் ஜின்னெட் என்ற ஆய்வாளர், திறமையான குழுத் தலைவர்கள் என்று பெயரெடுத்த தலைமை விமானிகள் முதல் சந்திப்பில் என்ன செய்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். விமானத்தை எப்படி ஓட்டுவது என்று அவர்கள் விளக்கவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். குழு என்பது விமானி அறையோடு முடிவதில்லை, பணிப்பெண்களும் தரைப் பணியாளர்களும் அதற்குள் வருகிறார்கள் என்பதைத் தங்கள் பேச்சால் உணர்த்தினார்கள். நான் தவறு செய்வேன், பார்த்தால் சொல்லுங்கள் என்ற பொருள்பட ஏதாவது சொன்னார்கள். கூடவே, முடிவெடுக்கும் பொறுப்பு தங்களுடையது என்பதையும் மங்கவிடவில்லை. இவை அனைத்தும் சில நிமிடங்களில் முடிந்துவிட்டன.

மூன்றாவது விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லோர் பேச்சையும் கேட்பது என்றால் அதிகாரத்தைப் பங்கு போடுவது என்று பலர் அஞ்சுகிறார்கள். 232இல் தலைவர் யார் என்ற குழப்பம் ஒரு நொடியும் இருக்கவில்லை. ஃபிட்சை உள்ளே அழைத்தவர் ஹேன்ஸ், கைப்பிடிகளை அவரிடம் கொடுத்தவர் ஹேன்ஸ், எங்கே இறங்குவது என்ற முடிவும் அவருடையது. மற்றவர்கள் அச்சமின்றிப் பேச ஒரு நிலையான தலைமை உதவியாகவே இருந்தது. நான் சொன்னதை எடைபோட்டு முடிவெடுக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் அரைகுறை யோசனையைக்கூடத் துணிந்து சொல்ல முடியும்.

மருத்துவமனைகளிலும் இதே கோடு தெரிகிறது. ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைச் செவிலியர் குழுக்களில் ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டில் அங்கேதான் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறவில்லை, தவறியதை மறைக்காமல் சொன்னார்கள் என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார். பிறகு சிறு கீறல் வழியாகச் செய்யும் புதிய இதய அறுவை முறையை 16 மருத்துவமனைகள் எப்படிக் கற்றுக்கொண்டன என்று சக ஆய்வாளர்களோடு பார்த்தார். மருத்துவரின் மூப்போ மருத்துவமனையின் புகழோ வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. இது நான் கற்கும் புதுக் கருவி என்று நினைத்த மருத்துவர்களின் குழுக்கள் திணறின. இது நாம் சேர்ந்து கற்க வேண்டிய புது வேலைமுறை, நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று சொன்னவர்களின் குழுக்கள் முன்னேறின. அந்தச் சொல் வெறும் பணிவுக்காகச் சொன்னதும் அல்ல. சிறு கீறல் வழியாக வேலை செய்யும்போது மருத்துவரால் முன்போல நேரில் எல்லாவற்றையும் பார்க்க முடிவதில்லை. அவர் உண்மையிலேயே மற்றவர்களின் கண்களை நம்பியிருந்தார்.

அந்த “சரி”க்குப் பதிலாக

நடைமுறையில் ஒரு தலைவர் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களை நான் 6:02க்கே அழைத்துப் போகிறேன். “மூவாயிரம், அவ்வளவுதான்” என்று ஒருவர் சொல்கிறார். “சரி” என்ற பதில், கேட்டுக்கொண்டேன் என்பதை மட்டும் தெரிவிக்கிறது. சொன்னவர் தன் கடமை முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார். தலைவர் மனதில் எதுவும் நகரவில்லை. ஒரு குழுவில் செய்திகள் இறந்துபோவது பெரும்பாலும் இப்படி ஒரு கனிவான “சரி”யில்தான். கோபத்தில் இறப்பவை குறைவு.

எண் ஒன்று வந்தால் அதன் விளைவைச் சொன்னவரிடமே கேட்பது முதல் பழக்கம். “இதனால் எப்போது, எது நின்றுபோகும்?” என்று கேட்டால், பட்டும் படாமலும் பேசியவருக்கும் வெளிப்படையாகச் சொல்ல வாசல் திறக்கிறது. எல்லையை முன்கூட்டியே போடுவது இன்னொன்று: இத்தனை பவுண்டுக்குக் கீழே போனால் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் இறங்குகிறோம் என்று 5:15க்கே முடிவு செய்திருந்தால், 5:50இல் யாரும் யாரையும் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டியதில்லை, எல்லை வந்துவிட்டது என்று அறிவித்தால் போதும். மேலதிகாரியை மறுப்பதைவிட, அவரே ஒப்புக்கொண்ட எல்லையை நினைவுபடுத்துவது எவருக்கும் எளிது.

கடினமான சிக்கலில் தலைவரே இறங்கும்போது, கடிகாரத்தைப் பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அவரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது. 5:56க்குப் பிறகு சில நிமிடங்கள் பொறியாளரின் இருக்கை காலியாக இருந்தது.

அந்த நேரம் முழுவதும் விமானம் ஓடுபாதையிலிருந்து 20 கடல் மைல் எல்லைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. “பதினைந்து நிமிடம் என்றால் ரொம்பக் குறைந்துவிடும்” என்று பொறியாளர் சொன்ன 5:50இல், தொட்டிகளில் அங்கே போய் இறங்கப் போதுமான எரிபொருள் இருந்தது.